கிழிக்காத நாலு சீட்டு

1

கொழும்புக்கு வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. நான் தேதி பார்த்துக் கொண்டாடுகிறவன் இல்லை. என் பெஞ்சாதி பாக்கியம்தான் அன்றைக்குக் கொஞ்சம் பாயசம் வைத்து, "இன்னியோட பதினஞ்சு" என்று டம்ளரை நீட்டினாள். அன்றைக்கே ஆபீசில் எனக்கு ஒரு வேலை வந்து சேர்ந்தது. அந்த வேலையால்தான் இதை எழுதுகிறேன். ஊரில் இருக்கிறவர்கள் படிக்கவேண்டும். படித்துவிட்டு என்னைக் காறித் துப்பினாலும் சரி.

தேயிலை ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனியில் நான் கப்பல் பிரிவு கிளார்க். கம்பெனி இன்சூரன்ஸ் விதிகளைப் புதுசாக அச்சடித்திருக்கிறார்கள். ஸ்டோரில் பெட்டி அடிக்கிற ஆட்களுக்குப் புரிகிற மாதிரி அதைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி மேனேஜர் கூப்பிட்டார். "நீ எழுதினால் ஒரு சொல்லும் விட்டுப்போகாது என்று எல்லோரும் சொல்கிறார்கள்" என்று பாராட்டு வேறு. எனக்கு முதுகில் யாரோ கொள்ளி வைத்தது போல இருந்தது.

ஏழாம் பக்கத்தில் ஒரு விதி. ஊழியரின் வயதான தாய் தகப்பனுக்கு மனநோய் வந்தால், அதற்கான வைத்தியச் செலவை இனிமேல் இன்சூரன்ஸே ஏற்கும். எத்தனை தடவை போனாலும் ஏற்கும். இந்த ஒரு வரியைத் தமிழில் எழுத எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. பக்கத்து மேசைக்காரர், "என்ன மிஸ்டர், பேனாவில் மை இல்லையா?" என்று கேட்டார். மை இருந்தது.

2

என் அய்யா முதுகுளத்தூர்ப் பக்கத்து மானாவாரிச் சம்சாரி. மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் ஆடு. பேச்சுன்னா பேச்சு, அப்படி ஒரு பேச்சு மனுஷனுக்கு. சந்தையில் ஆட்டுக்கு விலை பேச ஆரம்பித்தால், வாங்க வந்தவன் ஆட்டை மறந்துவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான். அவருக்கு நான் ஒரே மகன்.

நான் கொழும்புக்கு வந்து ஆறாம் வருஷம் சித்தப்பாவிடமிருந்து தந்தி வந்தது. அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது, உடனே வா. அந்தச் சமயம் என் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். இந்தியாக்காரன் என்றால் இங்கே அப்போது எல்லாவற்றுக்கும் ஒரு விண்ணப்பப் பாரம், ஒரு சாட்சி, ஒரு போட்டோ. வரிசையில் நின்று விசாரித்தேன். "போகலாமே, யார் தடுத்தது? திரும்பி உள்ளே வருவதற்குத்தான் நான் பொறுப்பில்லை" என்றார் அந்த உத்தியோகஸ்தர். நியாயமாகத்தான் சொன்னார். முடிவு நான் எடுத்தது.

அம்மாவுக்கு முன்பும் ஒரு தடவை காமாலை வந்து கீழாநெல்லியிலேயே தெளிந்திருக்கிறது. இரண்டு நாளில் அனுமதி கைக்கு வந்துவிடும், வந்ததும் கப்பல் ஏறிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே, "புறப்பட்டுவிட்டேன்" என்று பதில் தந்தி அடித்தேன். புறப்படாமலே. அனுமதி இரண்டு நாளில் வரவில்லை. பதினேழு நாள் ஆயிற்று. அம்மா எட்டாம் நாளே போய்விட்டாள். சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான்.

நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அய்யா, "வந்துட்டியா" என்றார். அத்தோடு சரி. அப்பேர்ப்பட்ட வாய் அடைத்துப்போனது. சோறு வைத்தால் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. ஆடு பக்கத்து மிளகாய்த் தோட்டத்தில் இறங்கினாலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோடாங்கியை வைத்துப் பார்த்தார்கள். செத்தவள்தான் இறங்கி நிற்கிறாள் என்று உடுக்கை அடித்து ஒரு சேவலைக் கொண்டுபோனான். ராமநாதபுரத்து டாக்டர் தூக்க மாத்திரை கொடுத்தார், அய்யா உட்கார்ந்தபடியே தூங்கினார். மெட்ராஸில் மனநோய்க்கென்றே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, கூட்டிக்கொண்டு போகலாம் என்றேன். சித்தப்பாவுக்கு வந்ததே கோபம்.

"அங்கன கொண்டுபோயி விட்டேன்னா, நம்ம வீட்டுப் பொம்பளப் பிள்ளைகள எவன்டா கட்டுவான்? வயித்து வலின்னு சொல்லிக்கிட்டு இங்கனயே கெடக்கட்டும்" என்றார்.

ஊருக்கெல்லாம் வயிற்று வலி என்றே சொல்லி வைத்தோம். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

3

பிறகு கொழும்பில் ஒரு டாக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். சீமையில் படித்துவிட்டு வந்த சிங்களவர். கட்டிப்போடுவது, ஷாக் கொடுப்பது எல்லாம் கிடையாது. எதிரே உட்காரவைத்துப் பேசச் சொல்வார், அதுதான் வைத்தியம். குறிப்பாக வயதானவர்களைப் பொறுமையாகப் பார்ப்பார் என்றார்கள். ஆனால் ஒரு தடவை போய் வந்தால் என் மாதச் சம்பளத்தில் பாதி போய்விடும்.

இன்சூரன்ஸைப் பிடித்தேன். பிடித்தேன் என்று லேசாகச் சொல்லிவிட்டேன், நாலு மாசம் நாயாக அலைந்தேன். தாய் தகப்பன் கூடவே குடியிருந்தால்தான் உண்டு என்றது ஒரு விதி. அய்யாவோ மூன்று மாச விசிட்டர் அனுமதியில்தான் வர முடியும். அந்த மூன்று மாசமும் கூடக் குடியிருப்பதுதானே என்று எழுதிக் கேட்டேன். சரி என்றார்கள். சித்தக் கோளாறுக்குக் கிடையாது என்றது அடுத்த விதி. கம்பெனி டாக்டர் நல்ல மனுஷர், காகிதத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நரம்புத் தளர்ச்சி என்று எழுதுகிறேன். நரம்பு உடம்பில்தானே இருக்கிறது" என்றார். கடைசியில் கம்பெனித் துரை கையெழுத்துப் போட்டு, பன்னிரண்டு சீட்டு உள்ள ஒரு மஞ்சள் புத்தகம் கொடுத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு சீட்டு. வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு வாரம்.

அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். அய்யாவைப் பேச வைத்துவிட்டால் போதும், நான் செய்ததற்கு ஈடாகிவிடும் என்று நம்பினேன். பாக்கியம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

4

அழைத்துவர நானே போனேன். போட்டோ எடுக்க ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனால், மனுஷன் கேமராப் பெட்டியைப் பார்க்காமல் வாசலையே பார்க்கிறார். போட்டோக்காரர் அலுத்துப்போய், "ஏன் பெரியவரே, அங்கன என்ன இருக்கு?" என்றார். கப்பல் ஏறுவதற்கு முன்னால் மண்டபம் முகாமில் டாக்டர் சோதனை வேறு இருந்தது. வாயைத் திறக்காமல் நின்றால் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன். "என்ன வேலை பெரியவரே?" என்று கேட்டார்கள். "ஆடு" என்றார். அதுவே போதுமாக இருந்தது.

ஒன்று மட்டும் எனக்கு அப்போது விளங்கவில்லை. ரயிலில் ராமநாதபுரம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு ஸ்டேஷனாகக் கேட்டார்.

"இதான் உச்சிப்புளியா?"

"ஆமா அய்யா."

பாம்பன் பாலத்தில் வண்டி நிதானமாக ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர். முதல் தடவை பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள், அய்யா பயப்படவில்லை.

"இங்கன மெதுவாத்தாம்லே போகுமா?"

"மெதுவாத்தான் போகணும் அய்யா."

"ஆமா. அப்படித்தான் சொன்னேன்" என்றார்.

யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பேசுகிறாரே என்ற சந்தோஷத்தில், தனுஷ்கோடியில் கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே பாதி நோய் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

5

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அய்யாவுக்குத் தமிழைத் தவிர வேறு தெரியாது. நடுவில் நான். "அவர் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மகன் என்பதையே இந்த அறையில் மறந்துவிடுங்கள்" என்றார் டாக்டர். நல்ல புத்திசாலி. ஆனால் தகப்பனுக்கும் டாக்டருக்கும் நடுவில் மகனை உட்காரவைத்தாரே, அதிலிருந்த தப்புதான் அவருக்கும் தெரியாமல் போயிற்று. எங்கள் பக்கத்தில் தகப்பன் மனசில் இருப்பதை மகன் முகத்துக்கு நேரே சொல்லமாட்டான், மகனும் கேட்கமாட்டான். அப்படியே வளர்ந்துவிட்டோம்.

முதல் நாளே டாக்டர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "தாயார் இறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா?"

"இருந்தேன்" என்றேன்.

ஏன் சொன்னேன்? கொள்ளி வைக்காத மகன் என்று ஒரு வேற்று மனுஷருக்கு, அதுவும் சீமையில் படித்தவருக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். வெட்கம். வேறென்ன சொல்ல? அய்யா என்னைத் திரும்பிப் பார்த்தார், அவருக்கு நாங்கள் பேசிய இங்கிலீஷ் புரியவில்லை.

மூன்று வாரம் அய்யா சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். நாலாவது வாரம், "மழை உண்டா இங்கன?" என்று டாக்டரைக் கேட்டார். ஐந்தாவது வாரம் மடை திறந்தாற்போல வந்துவிட்டது. அவர் சொன்னதை இன்றைக்காவது ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

"டாக்டரய்யா, எம் மகன் பொறப்பட்டுட்டேன்னு தந்தி குடுத்தான். எந்தம்பி மூணு நாளு டேசன்ல போயி நின்னுட்டு வெறுங்கையோட வந்தான். அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ படுக்கையில கெடந்து, வந்துட்டானா வந்துட்டானான்னு கேக்குறா. என்னத்தச் சொல்ல? இவன் மொத மொத போனப்ப வழியெல்லாம் எழுதியிருந்தான். அத வச்சுச் சொன்னேன். தனுஷ்கோடியில எறங்கிட்டான்டீன்னு ஒரு நாளு. பாம்பன் பாலத்துல வண்டி மெதுவாத்தான் வரும்னு ஒரு நாளு. உச்சிப்புளி வந்துட்டான்னு ஒரு நாளு. எட்டாம் நாளு, பஸ் ஏறிட்டான்னேன். அப்ப சோத்த வடிச்சு வையின்னா. வடிக்கப் போனேன். திரும்பி வாரதுக்குள்ள போயிட்டா."

பிறகு கேட்டார்.

"நீங்க மனசப் படிச்சவுகன்னு சொன்னான். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவ என்னய நம்பிக்கிட்டுப் போனாளா, நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போனாளா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "மனைவியை நினைத்து வருத்தமாக இருக்கிறது என்கிறார்."

"இவ்வளவு நேரம் பேசினாரே. இவ்வளவுதானா?"

"எங்கள் ஊரில் சுற்றி வளைத்துத்தான் பேசுவோம் டாக்டர்."

என் வாயில் புழு வைக்கவேண்டாமா? முதல் நாள் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்ற அய்யாவின் எட்டு நாளையும் முழுங்கிவிட்டேன். டாக்டர் யோசித்து, காலையில் கடற்கரையில் நடக்கச் சொன்னார், தனியாக உட்காரவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வெளியே வந்ததும் அய்யா கேட்டார்.

"என்னலே சொன்னாரு?"

"காலையில கடக்கரையில நடக்கச் சொன்னாரு அய்யா."

"நான் கேட்டதுக்கு?"

"யோசிச்சுச் சொல்றேன்னாரு."

அய்யாவுக்கு அதில் ஒரு திருப்தி. பெரிய டாக்டர், உடனே சொல்லிவிட முடியுமா, யோசிக்கத்தானே செய்வார். அந்த வாரம் இரண்டு வேளை சாப்பிட்டார். அப்போது பத்து வயசான என் மகள் வசந்தாவை மடியில் இருத்தி ஆட்டுக்குட்டிக் கதை சொன்னார். அவளுக்குப் பாதி புரியவில்லை, 'அங்கன', 'இங்கன' என்று சொல்லிக்காட்டிச் சிரித்தாள், அவரும் சிரித்தார். பாக்கியம் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "பாத்தீகளா, பாத்தீகளா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மட்டும் வெந்துகொண்டிருந்தேன்.

ஆறாவது வாரம், ஏழாவது வாரம் அதையே கேட்டார். நான் வேறு வேறு மாதிரி மாற்றிச் சொன்னேன். எட்டாவது வாரம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று டாக்டரைக் கும்பிட்டுக் கேட்டார். டாக்டர் பதறிப்போய் எழுந்து, "என்ன கேட்கிறார்?" என்றார்.

"நன்றி சொல்கிறார்" என்றேன்.

6

வாசலில் சீட்டுக் கிழித்து வாங்குகிற அம்மாவின் பெயர் மரகதம். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்தவள், நம்ம பக்கத்து ஜனம்தான். டாக்டரிடம் ரொம்ப வருஷமாக வேலை பார்த்து, நாலு வார்த்தை இங்கிலீஷும் பழகியவள். டாக்டர் அறைக் கதவு பாதி திறந்தே இருந்திருக்கிறது. அய்யாவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. பெரியவர் கேட்ட கேள்வி டாக்டர் காதுல விழவே இல்லையே. உங்களுக்குச் சொல்லச் சங்கடமா இருந்தா, அடுத்த வாரம் நான் உள்ள வந்து எனக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்றேன். நீங்க வெளிய இருங்க."

இதைவிட நல்ல வார்த்தை எனக்கு இந்த ஊரில் யாரும் சொன்னதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? "உன் வேலை எதுவோ அதைப் பார்" என்று கத்தினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எட்டாவது சீட்டைக் கம்பியில் குத்தினாள்.

வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம், இன்சூரன்ஸ் முடிந்துவிட்டது, இனிமேல் போக முடியாது என்றேன். பன்னிரண்டு என்றீர்களே என்று கேட்டாள். விதியை மாற்றிவிட்டார்கள் என்றேன். இன்சூரன்ஸ் விஷயத்தில் நான் சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு. ஊருக்கும் அப்படியே எழுதினேன். சித்தப்பா இன்றைக்கு வரைக்கும் என் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்கிறார். சித்தப்பா, கம்பெனி மேல் தப்பே இல்லை. நாலு சீட்டு கிழிக்காமல் மேசையில் கிடந்தது. நாலு வாரம். மரகதம் உள்ளே போய் உட்கார்ந்திருந்தால் ஒரே வாரம் போதுமாக இருந்திருக்கும்.

"அதுக்குள்ளயா?" என்று மட்டும் அய்யா கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இந்த வாரம்தான் பாக்கியத்திடம் இதைச் சொன்னேன். மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. வசந்தாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். கான்வென்ட்டில் படித்துப் படித்து அவள் தமிழ் இப்போது தந்தி மாதிரி ஆகிவிட்டது. "நான் டாக்டர்ட்ட சொல்லியிருப்பேன்ல டாடி. எனக்கு அப்பவே இங்கிலீஷ் தெரியுமே" என்றாள். அய்யா பேச்சில் பாதிதான் அவளுக்குப் புரியும். அந்தப் பாதியே நான் சொன்னதைவிட அதிகமாக இருந்திருக்கும்.

7

ஊருக்குப் போனதும் அய்யாவின் வாய் மறுபடி அடைத்துக்கொண்டது. இரண்டு வருஷம் கழித்து, மோசமாக இருக்கிறது என்று சித்தப்பா எழுதினார். இந்தத் தடவை யாரையும் கேட்காமல் கப்பல் ஏறினேன். தனுஷ்கோடி, பாம்பன், மண்டபம், உச்சிப்புளி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தலையைக் குனிந்துகொண்டேன்.

அய்யா ஆட்டுக் கிடைக்குப் பக்கத்தில் கட்டிலில் கிடந்தார். ஆள் வற்றிப்போயிருந்தார். என்னைக் கண்டதும் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். நான் எப்படி இருக்கிறேன், பேத்தி என்ன படிக்கிறாள், எதுவும் கேட்கவில்லை.

"டாக்டரு என்னலே சொன்னாரு?" என்றார்.

இரண்டு வருஷமாக அதற்காகவே உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்திருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல மனசு வரவில்லை. அவர் இத்தனை நாள் கேட்க ஆசைப்பட்டதையே சொல்லிவிடுவோம், நிம்மதியாகப் போகட்டும் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா யோசிச்சுத்தான் சொன்னாரு அய்யா. அம்மா உங்கள முழுசா நம்பித்தான் போனாங்களாம். சந்தேகமே வேண்டாம்ன்னாரு."

அய்யா என் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன், முடியவில்லை.

"நீ அவருகிட்டக் கேக்கவே இல்லைல்ல?"

அப்போதுதான் கண்ணை எடுத்துக்கொண்டேன்.

"பாத்தவொடனே தெரியுதேலே" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். பிடித்திருந்த கையை மெதுவாக உருவிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "அப்ப அவளுக்கும் தெரிஞ்சிருக்கும்."